முன்பண நோட்டும் ஏடிஎம் கார்டும் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குப்பை அள்ளும் வேலைக்கு டெண்டர் விடும்போது வண்டியில் ஜிபிஎஸ் இருக்க வேண்டும், எடை மேடை ரசீது வைக்க வேண்டும், மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாக வர வேண்டும் என்று பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதுகிறார்கள். வண்டிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர் மேஸ்திரியிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், அது கழிகிறதா, நாளைக்கே அவர் வேலையை விட்டு நிற்க முடியுமா என்று கேட்கும் வரிகளை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். கடலூர் மாநகராட்சியும் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் அடுத்த ஒப்பந்தம் எழுதும் முன் அந்த வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம்.

கொத்தடிமை என்றதும் நம் பக்கத்தில் செங்கல் சூளை, சவுக்குத் தோப்பில் மரம் வெட்டு, கரும்பு வெட்டு இவைதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர் குடும்பத்தினர். வருவாய்த் துறைக்கும் அந்த இடங்கள் பழக்கம். குப்பை பிரிக்கும் கொட்டகையை அந்தக் கண்ணோடு பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. முன்பணத்துக்கோ கடனுக்கோ ஈடாக ஒருவர் இந்த நான்கில் ஒன்றுக்கு ஆளாகியிருந்தால் போதும். கூலி இல்லாமலோ பெயருக்கு ஒரு கூலிக்கோ உழைப்பது. வேறு வேலைக்குப் போக முடியாதது. நினைத்த ஊருக்குப் போய்வர முடியாதது. தன் உழைப்பில் சேர்ந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாதது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுப்பதெல்லாம் பெயருக்குக் கொடுக்கும் கூலிதான் என்று அந்தச் சட்டமே விளக்கம் சொல்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-ல் ஏஷியாட் வழக்கில், அதாவது டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டிய அறையும் அடியாளும் இருந்தால்தான் கொத்தடிமை என்பது தவறான எண்ணம்.

குப்பைத் தொழிலில் இது எங்கே தொடங்குகிறது என்பதைச் சம்பளக் கணக்கில் பார்க்கலாம். எண் எளிதாக இருப்பதற்காக நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 13,000. அதில் தொழிலாளி பங்காக வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் 12 சதவீதம், 1,560 ரூபாய், மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ 0.75 சதவீதம், 98 ரூபாய். கைக்கு வர வேண்டியது 11,342. ஒப்பந்தக்காரர் தான் கட்ட வேண்டிய பிஎஃப் பங்கு 13 சதவீதம், அதாவது 1,690 ரூபாயையும், இஎஸ்ஐ பங்கு 3.25 சதவீதம், அதாவது 423 ரூபாயையும் சேர்த்துத் தொழிலாளியின் தலையிலேயே வைத்தால் 9,229 ஆகிவிடும். பிடித்தம் என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் போட்டுவிடுவதால் எந்தப் பங்கு யாருடையது என்று சீட்டைப் பார்த்துத் தெரியாது. இதற்கு மேல் முன்பணத் தவணை 2,000, யூனிஃபார்முக்கு 300 போனால் மிச்சம் 6,929. வீட்டு வாடகை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் இதற்குள் அடங்காது. இருபதாம் தேதிவாக்கில் அதே மேஸ்திரியிடம் மறுபடி 3,000 வாங்குவார். 2,000 கழித்து 3,000 ஏறினால் கடன் மாதம் ஆயிரம் வளரும்.

அந்தக் கடன் எழுதப்படும் இடம் மேஸ்திரியின் சட்டைப் பைக்குள் இருக்கும் நீளவாக்கு நோட்டு. ஒரு பெயர், எதிரே ஒரு தொகை, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு தொகை. தேதியும் கையெழுத்தும் இருக்காது. கொடுத்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று தொழிலாளியால் சொல்ல முடியாது, பாக்கி எவ்வளவு என்று மேஸ்திரி சொல்வதுதான் கணக்கு. நிறுவனத்தின் சம்பளப் பதிவேட்டில் இந்த நோட்டுக்கு இடமே கிடையாது. அதனால்தான் தணிக்கைக்கு வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

முன்பணத்தையே தடை செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது உதவாது. ஜூன் மாதப் பள்ளிச் செலவும் திடீர் ஆஸ்பத்திரிச் செலவும் தடை உத்தரவுக்குக் காத்திருக்காது; ஆள் நேராகக் கந்துவட்டிக்குப் போவார். முன்பணத்தை நிறுவனமே வட்டியில்லாமல் கொடுக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. மாதப் பிடித்தம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது சம்பளச் சீட்டிலேயே தமிழில் வர வேண்டும். பாக்கி இருந்தாலும் வேலையை விட்டுப் போகலாம் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். மேஸ்திரியோ சூப்பர்வைசரோ தன் கீழ் வேலை செய்கிறவருக்குக் கடன் கொடுத்தால் அவரைப் பொறுப்பிலிருந்து எடுக்க வேண்டும். 

சம்பளம் வங்கியில் போகிறது, இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று அதிகாரிகள் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் 2019-ல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு பெரிய வழக்கை அவர்கள் படிக்க வேண்டும். போலந்திலிருந்து வேலை ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட 400-க்கும் மேற்பட்டவர்களை ஒரு கும்பல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் பண்ணைகளிலும் குப்பை மறுசுழற்சி நிலையங்களிலும் வேலைக்கு அனுப்பியது. சம்பளம் முறையாக வங்கிக்குத்தான் போனது. கணக்கைத் திறந்ததும் கார்டை வைத்திருந்ததும் கும்பல்தான். பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அடிமைத் தடுப்பு அறிக்கை வெளியிட வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அந்தச் சட்டப்படி, எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினாலும் சட்டக் கடமை முடிந்துவிடும். நம்மூரில் அறிக்கை கேட்பதோடு நின்றுவிடாமல் கார்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கார்டு கைமாறியிருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. சம்பளம் போடும் எக்செல் பட்டியலில் கைபேசி எண்ணை வரிசைப்படுத்துங்கள். நான்கைந்து பேருக்கு ஒரே எண் இருந்தால் அது யாருடையது என்று விசாரியுங்கள். ஓடிபி அவருக்குத்தான் போகிறது. முகவரி, நியமனதாரர் பெயர் ஆகியவற்றையும் இப்படியே பாருங்கள். அரை நாள் வேலை. காலையில் வருகைப் பதிவின்போது முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரிடம் ஏடிஎம் கார்டையும் ஆதார் அசலையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறது என்பவருக்கு மறுநாள் வரை நேரம் கொடுக்கலாம். ஆபீஸில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் அது முதல் எச்சரிக்கை. பிஎஃப் கட்டப்படுகிறதா என்பதற்குப் பதிவு செய்த கைபேசியிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் போதும். பிஎஃப் கட்டிய சலானில் இருக்கும் பெயர்களும் துடைப்பத்தோடு நிற்கும் ஆட்களும் ஒன்றுதானா என்று ஆள் வைத்துச் சரிபார்ப்பது தனி வேலை, அதையும் செய்ய வேண்டும்.

மேஸ்திரியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு டெண்டர் விட்ட அலுவலகம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன 13,000 கணக்கிலேயே 100 பேரை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 13,00,000. ஒப்பந்தக்காரர் பிஎஃப் பங்கு 1,69,000. இஎஸ்ஐ 42,250. போனஸ் 8.33 சதவீதம், 1,08,290. மாதம் 16,19,540 ரூபாய். துடைப்பம், கையுறை, டீசல், லாபம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒருவர் 14 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், குறைகிற இரண்டு லட்சத்துச் சொச்சம் தொழிலாளி வீட்டிலிருந்துதான் வரும். மிகக் குறைந்த தொகை என்பதற்காக அந்த ஒப்பந்தப் புள்ளியை ஏற்கும் பொறியாளருக்கும் தணிக்கையாளருக்கும் இது கூட்டல் கழித்தலில் தெரிகிற விஷயம். கூலிச் செலவுக்குக் கீழே வரும் புள்ளிகளைத் திறந்தவுடனே தள்ளுபடி செய்ய வேண்டும்.

இன்னொரு ஓட்டை ஆள் எண்ணிக்கை. ஊரை வாரத்தில் ஏழு நாளும் கூட்ட வேண்டும். தினம் 100 பேர் களத்தில் தேவை, ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் பட்டியலில் 117 பேர் இருக்க வேண்டும். டெண்டரில் 100 என்று போட்டுவிட்டு விடுப்பும் உண்டு என்று எழுதினால் யாருக்கும் விடுப்பு கிடைக்காது. விடுப்பு எடுத்தவருக்கு அபராதம் போடுவார்கள், அதுவும் அந்த நோட்டில் கடனாக ஏறும்.

உள்ளாட்சி தன் பில்லை மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துக் கொடுப்பதும் உண்டு. சின்ன ஒப்பந்தக்காரர் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுவார், அல்லது போடமாட்டார். நிலுவைச் சம்பளமும் ஒரு விலங்குதான். இரண்டு மாதக் கூலி உள்ளே கிடக்கும்போது யாரும் வேலையை விட்டுப் போகத் துணியமாட்டார்கள். ஆகவே பில்லில் கூலிப் பகுதியைத் தனியாகப் பிரித்து, தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் நேரே தொழிலாளி கணக்குக்குப் போகும்படி செய்ய வேண்டும். நின்றுபோகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதையும் நிபந்தனையில் சேர்க்கலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 50 பேர் முதல்தான் பொருந்தும். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 20 ஆக இருந்தது. வார்டு வாரியாகப் பிரித்து 49 பேர், 45 பேர் என்று துணை ஒப்பந்தம் போட்டால் உரிமமே வேண்டாம் என்றாகிவிடும். எண்ணிக்கை எதுவானாலும் அதே நிபந்தனை, துணை ஒப்பந்தத்துக்கு எழுத்துப்பூர்வ அனுமதி, எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

ஊருக்குள் நடப்பதாவது கண்ணில் படும். குப்பை ஊரைவிட்டு வெளியே போன பிறகு நடப்பதுதான் எங்களுக்கு அதிகக் கவலை. பிரித்த பிளாஸ்டிக், அட்டை, இரும்பு எல்லாம் காயலான் கடைக்கும், அமுக்கிப் பெரிய கட்டுகளாக்கும், அதாவது பேல் கட்டும், கொட்டகைக்கும் போகின்றன. கொட்டகையில் ஒரு குடும்பம் காவலுக்கு என்று குடியிருக்கும். சம்பளம் கணவருக்கு மட்டும். மனைவியும் மூத்த பிள்ளையும் பகல் முழுக்கப் பாட்டில் மூடியைத் திருகிப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பார்வையிடப் போகிறவர்கள் பேல் எந்திரத்தைப் படம் எடுப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் கட்டிய குடிசை, சுருட்டி வைத்த பாய்கள், பிரிக்கும் மேடைக்கு அடியில் சின்னக் காலுக்கான செருப்பு. பாய்களை எண்ணிப் பதிவேட்டில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டாலே நிலவரம் தெரிந்துவிடும். பள்ளி நேரத்தில் பிள்ளை அங்கே இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும்.

தெருவில் பொறுக்குகிறவர்கள் நிலை வேறு மாதிரி. கடைக்காரர் 20,000 ரூபாய் முன்பணமும் சாக்கும் கொடுப்பார், சரக்கை அவருக்கே போட வேண்டும். பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்து எடுக்கிறார், நாளுக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 120, மாதம் 26 நாளுக்கு 3,120. நூற்றுக்கு 15 ரூபாய்க்கு மேல் மாத வட்டி, அசலில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. தராசு எத்தனை கிலோவை விழுங்குகிறது என்பது இதில் சேராது. உழைப்பில் சேர்ந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாதபடி முன்பணம் கட்டிப்போடுவது சட்டம் சொல்லும் நான்காவது வகைக் கொத்தடிமை. இதை யாபாரம் என்று விட்டுவிடுகிறார்கள். குப்பை நிறுவனம் தன் சரக்கை விற்கும் கடைகளின் பட்டியலை வெளியிட வேண்டும். முத்திரையிட்ட தராசு, அன்றைய விலை எழுதிய பலகை, ரசீது இம்மூன்றும் இல்லாத கடைக்குச் சரக்கு போகக் கூடாது.

குப்பை நிறுவனம் வெளியிலிருந்து வாங்குபவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியையும் சரக்கு வாங்கும் கடைகளையும் முதலில் பாருங்கள், ஸ்டேஷனரிக் கடைக்கு நூறு கேள்வி அனுப்பிப் பயனில்லை. அடுத்ததாக யூனிஃபார்ம் துணி. மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிய நூற்பாலை வழக்கம் நாம் அறிந்ததுதான். பிறகு ரப்பர் கையுறை. மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்குச் சேர ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனில் சிக்கியிருந்ததால் 2020-ல் அங்குள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத் துறை நிறுத்தி வைத்தது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து பேல் கொட்டகைக்கு வரும் இளைஞர்களிடமும் இதையே கேட்க வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் யார் பணம் கொடுத்தது? தொழிலாளி கொடுத்திருந்தால் நிறுவனம் அதைத் திருப்பித் தர வேண்டும்.

கேட்கும் முறையில்தான் பெரும்பாலான ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. சூப்பர்வைசரை நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு, உங்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். ஷிப்ட் முடிந்த பிறகு, டீக்கடைப் பக்கமோ வீட்டு வாசலிலோ, பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். இந்தி, ஒடியா பேசுகிறவர்களுக்கு அவர்களுடைய மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. கொத்தடிமை என்ற சொல்லை எடுக்கவே வேண்டாம். “அக்கா, நாளைக்கே வேலைய விட்டு நின்னுட்டா என்ன ஆவும்?” என்று கேளுங்கள். “வேற எடத்துல பாத்துக்குவேன்” என்றால் ஒன்று. “பாக்கி இருக்குதுங்களே, விடமாட்டாங்க” என்றால் வேறு. கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள், அப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. குடும்பத்தில் ஒருவரை இருத்திக்கொண்டுதான் மற்றவரை அனுப்புவார்கள் என்பது சூளைகளில் தெரிந்த பழக்கம். பேசியவர்களை அடுத்த மூன்று மாதத்தில் தூரத்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

புயல், வெள்ளக் காலம் தனி ஆபத்து. தானே, ஃபெஞ்சல் போன்ற புயல்களுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவசரத்தில் பதிவேடு போடாமல் விடுவதும், குப்பை ஷிப்ட் முடித்தவரையே சாக்கடைக்குள் இறங்கச் சொல்வதும் நடக்கக் கூடாது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியதை ஒப்பந்தக்காரர்கள் மறக்காமல் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து ஓர் இடத்தில் கொத்தடிமை கண்டுபிடிக்கப்பட்டால் உடனே ஒப்பந்தத்தை ரத்து செய்வதுதான் பெரும்பாலோர்க்குத் தோன்றும். அப்படிச் செய்தால் அன்று மாலையே எல்லோருக்கும் வேலை போகும், நோட்டும் கடனும் மட்டும் மேஸ்திரியோடு போய் அடுத்த ஊரில் தொடரும். முதலில் நிலுவைக் கூலியை ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகையிலிருந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் புகார் போக வேண்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மூன்று கோட்டங்களிலும் கண்காணிப்புக் குழு கூடி இயங்க வேண்டும் என்பது சட்டக் கடமை. விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்று வாங்க வேண்டும். பலமுறை தவறுவது இங்கேதான். சம்பளத் தகராறு என்று எழுதி, இரண்டு பக்கமும் சமாதானம் என்று கையெழுத்து வாங்கிக் கொஞ்சம் பணத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். விடுதலைச் சான்று இல்லையென்றால் மத்திய அரசுத் திட்டத்தின் உடனடி உதவியான 30,000 ரூபாய் வரையிலான தொகையும், பிறகு ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் என்ற மறுவாழ்வுத் தொகையும் கிடைக்காது. கடன் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படியே ரத்தாகிவிடும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு, தொழிலாளி ரசீது காட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் மாறினாலும் ஆட்கள் அதே வார்டில் வேலையில் தொடர வேண்டும்.

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசு மாறுகிறது, தொழிலாளர் துறை மாறுகிறது, குறைந்தபட்ச ஊதிய அரசாணை மாறுகிறது. கடலூர்ப் பக்கத்து ஆள் புதுச்சேரியில் கூட்டுகிறார், சரக்கு மறுபடி இந்தப் பக்கம் வருகிறது. எங்கள் எல்லை இல்லை என்று இரண்டு அலுவலகமும் சொல்லிவிட முடிகிறது. வேலை நடக்கும் இடத்தின் ஊதியம், ஆள் இருக்கும் இடத்து அதிகாரியிடம் மீட்பு, சொந்த ஊர் மாவட்டத்தில் மறுவாழ்வு என்று இரு நிர்வாகங்களும் எழுதி வைத்துக்கொண்டு, புகாரை ஏற்க ஆளுக்கோர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அந்த இரண்டு அதிகாரிகளின் தொலைபேசி எண்களையும் சம்பளச் சீட்டின் அடியிலும் குப்பை வண்டிகளின் பின்கதவிலும் தமிழிலும் இந்தியிலும் அச்சிட வேண்டும். புகார்ப் பெட்டி வைத்தால் அதன் சாவி சூப்பர்வைசரிடம் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் சம்பள, பிஎஃப் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பவர்கள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.